வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மூளை எம்.ஆர்.ஐ.: காண்ட்ராஸ்ட் ஊசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபராக வேலை செய்கிறேன். பிள்ளை வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று ஸ்கேனுக்கு அனுப்பப்படும் குடும்பங்களில் தமிழ் பேசுபவர்கள் இருந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து பேரனைக் கூட்டி வரும் ஆயாவும், வேலைக்காகச் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ இங்கே வந்து குடியேறிய இளம் பெற்றோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முடிவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் வைத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை அவனைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பிள்ளை குள்ளமா இருக்கான்னுதானே போனோம்? தலையை ஏன் ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க?

வளர்ச்சி ஹார்மோன் சுரப்பது மூளையின் அடிப்பக்கத்தில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியில். பட்டாணி அளவுதான் இருக்கும். சிறு குழந்தைகளுக்கு அதன் உயரம் 3 முதல் 6 மில்லிமீட்டர். மெல்லிய ஒரு காம்பு அதை மூளையோடு இணைக்கிறது. சுரப்பி சரியாக உருவாகியிருக்கிறதா, காம்பு அறுபடாமல் இருக்கிறதா, பக்கத்தில் ஏதாவது கட்டி அழுத்துகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ.தான் சிறந்த வழி.

ஆனால் குள்ளமாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவையில்லை. முதலில் கிளினிக்கில் பிள்ளைக்குத் தரும் 'ரோடு டு ஹெல்த்' புத்தகத்தில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பார்ப்பார்கள். பிறகு எலும்பு வயது தெரிய இடது கை எக்ஸ்ரே, தைராய்டு, வளர்ச்சி ஹார்மோனின் வேலையைக் காட்டும் ஐ.ஜி.எஃப்-1 போன்ற ரத்தச் சோதனைகள், பெண் பிள்ளையானால் டர்னர் குறைபாட்டுக்கான குரோமோசோம் சோதனை என்று போகும். அப்புறம்தான் மருந்து கொடுத்து சில மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்க்கும் ஹார்மோன் தூண்டல் சோதனை. அதிலும் குறைவாக வந்தால் ஸ்கேன். அப்பா அம்மா இருவரும் குள்ளம், பிள்ளையும் தன் கோட்டிலேயே சீராக வளர்ந்து வருகிறான் என்றால் பெரும்பாலும் ஸ்கேன் வரை போகாது. அந்தப் புத்தகத்தைத் தொலைத்துவிடாதீர்கள். ஸ்கேன் நாளன்றும் கையில் எடுத்து வாருங்கள்.

காண்ட்ராஸ்ட்னா என்ன? சாயமா? உடம்பு நிறம் மாறுமா?

'சாய ஊசி' என்று நாமே பெயர் வைத்துவிட்டோம், ஆனால் அதில் நிறமே கிடையாது. பாட்டிலில் பார்த்தால் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். தோலும் கண்ணும் சிறுநீரும் நிறம் மாறாது.

உள்ளே இருப்பது காடோலினியம் என்ற உலோகம். தனியாக விட்டால் அது உடம்புக்கு நஞ்சு. அதனால் ஒவ்வொரு காடோலினிய அணுவையும் ஒரு மூலக்கூறுக் கூண்டுக்குள் இறுக்கிப் பூட்டித்தான் மருந்தாக்குகிறார்கள். ரத்தத்தோடு அது போய்ச் சேரும் இடத்தில் உள்ள நீர், காந்தத்துக்குள் வேறு விதமாக நடந்துகொள்ளும். படத்தில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். 1988 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. கூண்டு எவ்வளவு உறுதியானது என்பது மிக முக்கியம், கீழே அதற்குத் திரும்ப வருகிறேன்.

கதிர்வீச்சு இருக்கா?

இல்லை. எம்.ஆர்.ஐ. காந்தமும் ரேடியோ அலையும்தான். காண்ட்ராஸ்ட் மருந்திலும் கதிரியக்கம் இல்லை. தாங்க முடியாதது சத்தம்தான், அதற்குக் காதில் அடைப்பான் வைக்கிறோம்.

என் பொண்ணுக்கு இறால் ஒத்துக்காது. இந்த ஊசி போடலாமா?

போடலாம். இந்தப் பயம் சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்தைப் பற்றிக் கேட்டதிலிருந்து வந்தது. அங்கேயும் இறால் ஒவ்வாமைக்கும் அயோடினுக்கும் தொடர்பில்லை என்பதே உண்மை. காடோலினியத்தில் அயோடினே கிடையாது.

சொல்ல வேண்டியது வேறு: இதற்கு முன் காடோலினியம் போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு இழுத்ததா? ஆஸ்துமா கடுமையாக இருக்கிறதா? ஒவ்வாமை மிக அரிது. வந்தாலும் பெரும்பாலும் தடிப்போடும் அரிப்போடும் நின்றுவிடும். மோசமானது அதைவிடவும் அரிது, ஆனால் ஊசி போட்ட சில நிமிடங்களில் வரக்கூடியது. அதனால்தான் முடிந்தவுடன் உங்களை அனுப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோம்.

ஊசி இல்லாமலே எடுக்க முடியாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பதில்: பல நேரங்களில் முடியும்.

பிட்யூட்டரியின் பின்பகுதி, ஊசி எதுவும் இல்லாமலே டி-1 என்ற சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். கருப்புத் துணியில் வைத்த ஒற்றைச் சுண்ணாம்புப் புள்ளி போல. பிறவியிலேயே வளர்ச்சி ஹார்மோன் குறைவான பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பொட்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. மேலே, காம்பு தொடங்கும் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். கீழே முன்பகுதி தட்டையாகச் சுருங்கியிருக்கும், காம்பு நூலாக மெலிந்தோ காணாமலோ இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் காரணம் கிடைத்த மாதிரிதான். முதல் இரண்டையும் பார்க்கக் காண்ட்ராஸ்ட் தேவையே இல்லை. காம்பைக்கூட இப்போது மிக மெல்லிய வெட்டுகளாக எடுக்கும் டி-2 என்ற இன்னொரு வகைப் படங்களில் பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

ஊசி தேவைப்படுவது வேறு சந்தேகங்கள் இருக்கும்போது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், அடக்க முடியாத தாகம், நன்றாக வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று நின்றுபோவது, ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்மோன்கள் குறைவது: இவற்றில் ஏதாவது இருந்தால் கிரானியோஃபாரிஞ்சியோமா, ஜெர்மினோமா போன்ற கட்டிகளையும் காம்பு வீக்கத்தையும் தேட வேண்டும். அவற்றின் எல்லையைக் காட்ட, நீர்க்கட்டியா சதைக்கட்டியா என்று பிரிக்க, காண்ட்ராஸ்ட் இல்லாமல் கஷ்டம். ஆகவே டாக்டரிடம் "ஊசி வேண்டுமா?" என்று கேட்பதைவிட "இந்த ஸ்கேனில் எதைத் தேடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் பதிலிலேயே ஊசி வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும்.

அப்போ முதல்ல சாதாவா எடுத்துட்டு, வேணும்னா மட்டும் ஊசி போடலாமே?

நல்ல யோசனை, பல இடங்களில் நடப்பதும் அதுதான். பிள்ளை மெஷினுக்குள் இருக்கும்போதே ரேடியாலஜிஸ்ட் முதல் படங்களைப் பார்த்துச் சொல்வார். அதற்கு அவர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும், இதை முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கும் சின்னப் பிள்ளை என்றால் கணக்கு மாறுகிறது. இன்று ஊசி போடாமல் அனுப்பி, அடுத்த மாதம் "ஊசியோடு ஒரு முறை எடுங்கள்" என்று சொன்னால் இரண்டாவது முறை மயக்கம். ஒரு சின்ன அளவு காண்ட்ராஸ்டைவிட இரண்டாவது மயக்கம்தான் பெரிய விஷயம் என்பது என் எண்ணம். அதனால் கையில் ஜெல்கோவை (மருந்து ஏற்ற நரம்பில் வைக்கும் சிறு குழாயை) முதலிலேயே போட்டு வைத்துவிடுவோம். தேவைப்பட்டால் பயன்படுத்துவோம்.

எவ்வளவு மருந்து போகும்? வலிக்குமா?

எடைக்கேற்ற அளவு. கிலோவுக்கு 0.1 மில்லிமோல் என்பது வழக்கம். 20 கிலோ பிள்ளைக்குக் காடோடெரிக் அமிலம் என்றால் 4 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. காடோபுட்ரால் இரட்டிப்புச் செறிவு, அதனால் 2 மில்லி போதும். எடை தப்பாக இருந்தால் அளவும் தப்பாகும். வீட்டில் போன வருஷம் பார்த்த எடையைச் சொல்லாதீர்கள், நாங்களே தராசில் நிறுத்திப் பார்க்கிறோம்.

வலி என்பது ஜெல்கோ குத்தும்போதுதான். கேட்டால் முன்பே மரத்துப்போகும் களிம்பு தடவி வைப்பார்கள். மருந்து போகும்போது கை வழியே ஜில்லென்று ஏறும். பின்னாலேயே உப்புநீர் தள்ளுவோம். சில பிள்ளைகள் "வாய்ல காசு போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். ஓரிருவருக்குக் குமட்டும். கையில் எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் உடனே பந்தை அமுக்கச் சொல்லிக் கொடுத்திருப்போம். வெளியே எங்களுக்கு மணி அடிக்கும், நிறுத்திவிட்டு வருவோம்.

அந்த உலோகம் மூளையிலேயே தங்கிடுதாமே? இன்டர்நெட்ல படிச்சேன்.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பிள்ளைக்குப் போட்ட மருந்தில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் மிகச் சிறிய அளவு எலும்பிலும் மூளையிலும் தங்குகிறது. பலமுறை காடோலினியம் போட்டவர்களின் மூளையில் சில இடங்கள் ஊசி போடாமலே பளிச்சென்று தெரிவதை 2014-இல் ஜப்பானிய மருத்துவர்கள் எழுதினார்கள். அதன் பிறகுதான் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

மேலே சொன்ன கூண்டு இங்கேதான் முக்கியமாகிறது. ஒரு வகை மருந்துகளில் அது திறந்த சங்கிலி மாதிரி, கழன்றுகொள்ள வாய்ப்பு அதிகம். இன்னொரு வகையில் அது மூடிய வளையம், 'மேக்ரோசைக்ளிக்' என்பார்கள். அவற்றில் தங்கும் அளவு மிகக் குறைவு. 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை சங்கிலி வகையில் சிலவற்றை நிறுத்தச் சொன்னது, சிலவற்றை ஈரல் ஸ்கேனுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் அதே ஆண்டு எல்லா காடோலினிய மருந்துகளுக்கும் எச்சரிக்கை சேர்த்தார்கள். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு மூளையில் தங்கியதால் நோய் வந்தது என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் வாழ்நாள் முழுதும் முன்னால் இருக்கும் குழந்தை என்பதால் தேவையில்லாமல் ஒரு டோஸ்கூட வேண்டாம் என்பதே என் பக்கம். மருந்தின் பெயரைக் கேளுங்கள். மேலே சொன்ன காடோடெரிக் அமிலம், காடோபுட்ரால் இரண்டும் வளைய வகைதான். பெயரையும் தேதியையும் பிள்ளையின் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

கிட்னி கெட்டுப்போகுமா?

எம்.ஆர்.ஐ.க்குப் போடும் அளவில் காடோலினியம் நல்ல சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே கெட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போவதுதான் ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்குத் தோலும் மூட்டும் இறுகிப்போகும் ஒரு நோய் வரும் என்று 2006-இல் தெரியவந்தது. பெரும்பாலும் சங்கிலி வகை மருந்துகளால் வந்தது. சிறுநீரக வேலைத்திறன் (ரத்தச் சோதனையில் ஜி.எஃப்.ஆர். என்று வரும் அளவு) 30-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தவர்களுக்கும்தான் பெரும்பாலும் அந்த அபாயம்.

இதில் ஒன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். நாள்பட்ட சிறுநீரகக் கோளாறே பிள்ளை வளராமல் போக ஒரு காரணம். அதனால் வளர்ச்சிக்காக வரும் பிள்ளையிடம் 'கிட்னி நன்றாகத்தான் இருக்கும்' என்று நாம் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கத்தில் எடுத்த ரத்தச் சோதனையில் சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்திருப்பார்கள். அந்த அறிக்கையைக் கொண்டு வாருங்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்திருந்தாலும், ஒரே ஒரு சிறுநீரகம் என்றாலும் சொல்லுங்கள்.

காலையிலிருந்து பட்டினி போடச் சொல்றாங்க. ஊசிக்காகவா?

ஊசிக்காக இல்லை, மயக்க மருந்துக்காக. ஆறு வயதுக்குக் கீழே உள்ள பல பிள்ளைகளால் அசையாமல் அரைமணி நேரம் படுக்க முடியாது. சோறு, பால் 6 மணி நேரம் முன்பு வரை, தாய்ப்பால் 4 மணி நேரம், தெளிந்த நீர் 1 அல்லது 2 மணி நேரம் என்பது வழக்கம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே பின்பற்றுங்கள். தூங்காமல் படுக்கும் பெரிய பிள்ளை சாப்பிட்டுவிட்டே வரலாம்.

இனி சொல்வதைத் தயவுசெய்து நன்றாகப் படியுங்கள். வளர்ச்சி ஹார்மோனும், உடம்பு நெருக்கடியைத் தாங்க உதவும் கார்ட்டிசோல் ஹார்மோனும் குறைவான பிள்ளைகளுக்குப் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். ஒரு நாள் நான்கு வயதுப் பையன் ஒருவன் காத்திருப்பு அறையில் அம்மா மடியில் சாய்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் இருந்தவரின் ஸ்கேன் தாமதமாகிவிட்டது. "தூங்குறான்" என்றார் அம்மா. நெற்றி ஈரமாக, கை சில்லென்று இருந்தது. விரலில் குத்திப் பார்த்தோம், சர்க்கரை மிகக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்து "தண்ணி" என்றான். அதிலிருந்து இப்படிப்பட்ட பிள்ளைகளை நாளின் முதல் ஆளாகப் போடும்படி நான் பிடிவாதமாகக் கேட்பேன். நீங்களும் கேளுங்கள். கார்ட்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எடுக்கும் பிள்ளையானால் மயக்க நாளுக்கு டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும், டாக்டரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். அன்றைக்கு மாத்திரையைத் தவறவே விடக் கூடாது.

எப்பப் பார்த்தாலும் தண்ணி குடிக்கிறான், ராத்திரி நாலஞ்சு தடவை எழுந்திரிக்கிறான். அதையும் சொல்லணுமா?

முதலில் சொல்ல வேண்டியதே அதுதான். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தும் இப்படித் தாகம் என்றால் பிட்யூட்டரியின் பின்பகுதி வேலை செய்யவில்லை என்று அர்த்தமாகலாம். அப்போது மேலே சொன்ன வெள்ளைப் பொட்டு பெரும்பாலும் படத்தில் காணாமல் போயிருக்கும். காம்பு தடித்திருக்கிறதா என்று பார்க்க இங்கே காண்ட்ராஸ்ட் கட்டாயம். ஜெர்மினோமா கட்டியும், லாங்கர்ஹான்ஸ் என்ற வகைச் செல்கள் அளவு மீறிப் பெருகும் நோயும் இப்படித் தொடங்கலாம். முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டாலும் சில மாதங்கள் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். சலிப்படைந்து விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பிள்ளையைத் தண்ணீர் இல்லாமல் காக்க வைப்பது ஆபத்து. பட்டினி நேரம் பற்றி மயக்க டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள்.

அரைஞாண் கொடி, தாயத்து எல்லாம் கழட்டணுமா?

எல்லாம். கொலுசு, தோடு, மூக்குத்தி, ஊசி குத்திய கயிறு, கொண்டை ஊசி. வெள்ளியை காந்தம் இழுக்காது என்று சில தாத்தாக்கள் வாதாடுவார்கள். ஆனால் தாயத்துத் தகட்டுக்குள் என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது, சூடாகவும் கூடும். கழற்றியதை ஆயா கையிலேயே கொடுத்துவிடுகிறோம், முடிந்ததும் அவரே கட்டிவிடலாம். திருநீறு இருக்கட்டும். பல் கம்பி போட்டிருந்தால் முன்பே சொல்லுங்கள், பிட்யூட்டரி பக்கத்துப் படம் கலைந்துபோகலாம்.

என் மகளுக்கு ஏழு வயசுதான், அதுக்குள்ள வயசுக்கு வர்ற அறிகுறி. அவளுக்கும் இதே ஸ்கேனா?

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவம் தொடங்கினால் தேடிப் பார்ப்பார்கள். இப்போது வேகமாக வளர்ந்தாலும் எலும்பு சீக்கிரம் மூடிக்கொள்வதால் கடைசியில் உயரம் குறையும். ஆண் பிள்ளைகளிடம் மூளையில் காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம். அடிக்கடி கிடைக்கும் ஒன்று ஹைப்போதலாமஸ் ஹாமர்ட்டோமா, பிட்யூட்டரிக்கு மேலே உள்ள மூளைப் பகுதியில் பிறவியிலேயே இருக்கும் புற்றுநோய் அல்லாத கட்டி. அது காண்ட்ராஸ்டை உறிஞ்சாது. ஊசி போட்டும் வெளிச்சம் ஆகவில்லை என்பதே அது ஹாமர்ட்டோமா என்பதற்கு ஒரு அடையாளம்.

அளவுக்கு மீறி உயரும் பிள்ளைக்கோ கதை வேறு. பிட்யூட்டரிக்குள் சிறு கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஊசி போட்ட முதல் ஓரிரு நிமிடங்களில் அடுத்தடுத்துப் படம் எடுப்போம். நல்ல சுரப்பி உடனே பளிச்சிடும், கட்டி பின்தங்கும். அந்தக் கொஞ்ச நேர வித்தியாசத்தில்தான் கட்டி பிடிபடும்.

ரிப்போர்ட்ல 'சிறு நீர்க்கட்டி'ன்னு போட்டிருக்கு. ராத்திரி தூக்கமே இல்லை.

பிட்யூட்டரியை உற்றுப் பார்த்தால் ராத்கே நீர்க்கட்டி போன்ற தற்செயல் விஷயங்கள் தென்படும். அதன் உட்பகுதி காண்ட்ராஸ்டில் வெளிச்சம் ஆகாது, பெரும்பாலும் தொந்தரவும் தராது. பருவ வயதுப் பெண்ணின் சுரப்பி 10 மில்லிமீட்டர் வரை உப்பித் தெரிவதும் இயல்பு, அதைக் கட்டி என்று பயந்து வந்தவர்களும் உண்டு. ரிப்போர்ட்டை ஹார்மோன் முடிவுகளோடு சேர்த்துக் குழந்தைகள் ஹார்மோன் டாக்டர் படிக்கட்டும்.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சா வருஷா வருஷம் ஸ்கேனும் எடுக்கணுமா?

பிறவிக் குறைபாடு என்று முதல் படத்திலேயே தெளிவாகிவிட்டால் வழக்கமாகத் தேவையில்லை. தலைவலியோ பார்வைக் கோளாறோ புதிதாக வந்தால்தான். கட்டி எடுத்த பிள்ளைக்கும் காம்பு தடித்த பிள்ளைக்கும் தொடர் ஸ்கேன் உண்டு. ஒவ்வொரு முறையும் "இந்தத் தடவையும் காண்ட்ராஸ்ட் அவசியமா?" என்று கேட்பது உங்கள் உரிமை. வீட்டில் போடும் ஹார்மோன் ஊசிக்கும் காடோலினியத்துக்கும் மோதல் இல்லை, அன்றைக்கும் போடலாம்.

மெடிக்கல் எய்ட் ஒத்துக்குமா?

முன் அனுமதி எண் இல்லாமல் பெரும்பாலான மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) திட்டங்கள் எம்.ஆர்.ஐ.க்குப் பணம் தராது. காண்ட்ராஸ்ட் இல்லாத ஸ்கேனுக்கும் ஊசியோடு எடுப்பதற்கும் குறியீடு வேறு. சாதாவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு அன்று ஊசி தேவைப்பட்டால் பில் உங்கள் தலையில் விழும், இரண்டையும் எழுதி வாங்குங்கள். அரசு வழியில் வருபவர்கள் முதலில் பக்கத்து மருத்துவமனையில் பார்த்து, அங்கிருந்து கடிதத்தோடுதான் இன்கோசி ஆல்பர்ட் லுதூலி மத்திய மருத்துவமனை போன்ற இடத்துக்கு வர முடியும். நேராகப் போய் நிற்க முடியாது.

பையனுக்கு 13 வயசு. ஊசி வேண்டாம்கிறான். நாங்க கையெழுத்துப் போட்டா போதாதா?

தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயதைத் தாண்டி, விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் உள்ள பிள்ளை தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். அதனால் அவனிடம் பேசாமல் நாங்கள் ஊசியை எடுக்க மாட்டோம்.

பெரும்பாலும் அவன் பயப்படுவது மருந்துக்கு இல்லை. வகுப்பிலேயே குள்ளமானவன், கேலி கேட்டுக் களைத்தவன், இப்போது தலைக்குள்ளும் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். போன மாதம் அப்படி ஒரு பையன் வந்தான். பெற்றோரை வெளியே உட்கார வைத்துவிட்டு, வேறொரு சோதனையின் பெயர் நீக்கிய படத்தைத் திரையில் போட்டு வெள்ளைப் பொட்டைக் காட்டினேன். "என்னோடது எங்கே இருக்கும்?" என்றான். "அதைத்தான் பார்க்கப் போறோம். ஊசி இல்லாமலே தெரிஞ்சிடும். காம்பு மட்டும் சரியாத் தெரியலைன்னா கடைசியில ஒரு ஊசி, உன்கிட்ட கேட்டுட்டுத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைக் கையைத் தானே மடித்துக்கொண்டு, "இடது கைல போடுங்க, வலது கைல கிரிக்கெட் ஆடணும்" என்றான்.